புதுப்பிப்பு: கல்யாண டிவிடி எம்பி4 ஆகிவிட்டது

செங்கோட்டையில் நடந்த அக்கா கல்யாண டிவிடிகளைக் கைப்பேசியில் பார்க்க, வீடியோவை மாற்றித் தரும் இலவச மென்பொருள் எது என்று கேட்டிருந்தேன். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைச் சொன்னவர்கள் வாழ்க! விளம்பரமும் இல்லை, படத்தின் மேல் முத்திரை குத்தும் அற்பத்தனமும் இல்லை. கோப்பு வகை எம்பி4, படத்தைச் சுருக்கும் முறை எச்.264, தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் 20 என்று வைத்தேன். முதலில், ஆட்கள் நகரும்போதெல்லாம் விளிம்புகளில் சீப்புப் பல் போலக் கோடுகள். ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளைத் தனித்தனியாகப் பதியும் பழைய முறையின் வேலை அது. அந்த வரிகளைச் சேர்த்துச் சீராக்கும் டீஇன்டர்லேஸ் வடிகட்டியைப் போட்டதும் ஒழிந்தது. டிவிடியின் 576 வரிப் படத்தை 1080 வரி ஆக்கினால் கோப்புதான் பெருக்கும், தெளிவு அதிகமாகாது; அதனால் பட அளவைத் தொடவில்லை.

புனலூர் அத்தான் கேட்ட, கடையில் வாங்கிய சினிமா டிவிடியை மட்டும் மாற்ற முடியவில்லை. நகலெடுக்க விடாமல் அதில் போட்டிருக்கும் பூட்டை ஹேண்ட்பிரேக் திறக்காது. கல்யாண டிவிடிகளில் கீறல் விழுந்த வட்டு ஒன்று பாக்கி. அதை மாற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.