புதுப்பிப்பு: மேலூர் நைஸ் பாறையின் வெள்ளைப் பட்டைகளும் பாறை உருக்கும் சோதனையும்

மேலூர் நைஸின் (வரிவரியான உருமாறிய பாறை) வெள்ளைப் பட்டைகளைப் பற்றிய முந்தைய இழையில், பாதி உருகிய பாறை நழுவும்போது உருகிய பகுதி நழுவுதளத்துக்கு இணையாகவே சேரும் என்று எழுதியிருந்தேன். அது தவறு. ஆலிவின் (பச்சைநிறக் கனிமம்), பசால்ட் (கருநிற எரிமலைப் பாறை) கலந்து செய்த சோதனைகளில், உருகிய பகுதி சேர்ந்த பட்டைகள் அந்தத் தளத்துக்கு ஏறக்குறைய 20 டிகிரி சாய்ந்து நிற்கின்றன.

சோதனையை எப்படிச் செய்வார்கள் என்று கேட்டவர்களுக்கு: ஆலிவின் பொடியோடு சில சதவீதம் பசால்ட் பொடி, கொஞ்சம் குரோமைட் (குரோமியக் கனிமம்). குரோமைட் எதற்கு? உருகிய பகுதி ஊடுருவும் வழியைக் குறுக்க. இல்லாவிட்டால் மில்லிமீட்டர் கனமுள்ள வில்லைக்குள் பட்டை உருவாக இடம் போதாது. நிக்கல் குப்பியில் அடைத்து, ஆர்கான் வாயுவில் 300 மெகாபாஸ்கல் அழுத்தத்தில், சுமார் 1,250 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் அழுத்திக் கெட்டியாக்குவார்கள். பிறகு வில்லையாக அறுத்து, 45 டிகிரியில் வெட்டிய இரண்டு டங்ஸ்டன் தண்டுகளுக்கு நடுவே வைத்து நழுவவிடுவார்கள். தண்டின் முகத்தில் வரிப்பள்ளம் இல்லையென்றால் வில்லை வழுக்கிவிடும்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். பொடியில் ஈரம் தங்கினால் உருகும் அளவு கூடி, பாறை பொய்யாக இளகும். மாதிரியைச் சுற்றிய உறையில் ஊசித்துளை விழுந்தால் ஆர்கான் உள்ளே போய்விடும். அன்றைய அளவீடு குப்பைதான். மூன்றாவதுதான் பலர் கோட்டைவிடுவது: சுமையை எடுத்துவிட்டுச் சூட்டிலேயே வைத்தால், பரப்பு இழுவிசை உருகிய பகுதியை மறுபடி பரப்பிப் பட்டையை அழித்துவிடும். சுமையோடே சட்டென்று குளிரவைக்க வேண்டும்.

மேலூர்க் கல்லுக்கு இந்த 20 டிகிரிக் கோணத்தை அப்படியே பொருத்தாதீர்கள். அது குவார்ட்ஸ்-ஃபெல்ட்ஸ்பார் வகை. அது உருகினால் வரும் குழம்பு, பசால்ட் குழம்பைவிடப் பல மடங்கு பிசுபிசுப்பானது.