ஸ்பார்ஸ் வார்னிங்கை ஃபோர்ஸ் போட்டு அடக்கலாமா?

கேள்வி:
லினக்ஸ் கெர்னலுக்கு சின்னதா ஒரு கேரக்டர் டிரைவர் எழுதிட்டிருக்கேன், கம்பைல் ஆகுது, ஓடவும் ஓடுது. ஆனா மேக் சி=1 போட்டு ஸ்பார்ஸ் (கோடை ஓட்டாமலே தப்பு தேடுற டூல்) ஓட்டினா, யூசர் புரோகிராம் அனுப்புற கமாண்டை வாங்கற ஐயோக்டில் ஃபங்ஷன்ல ரெண்டு எடத்துல கத்துது. ஒரு கமாண்ட்ல கூட வர்ற ஆர்க்யுமெண்ட்டை சும்மா ஸ்ட்ரக்ட் பாயிண்டரா காஸ்ட் பண்ணி, யூசர் மெமரியை கெர்னலுக்குள்ள காப்பி பண்ற காப்பி ஃப்ரம் யூசருக்கு குடுக்குறேன், அங்க "டிஃபரண்ட் அட்ரஸ் ஸ்பேசஸ்". இன்னொண்ணுல யூசர் குறி (இது யூசர் பக்க அட்ரஸ்னு ஸ்பார்ஸுக்கு சொல்றது) போட்ட பாயிண்டர்லேர்ந்து சைஸை நேரா படிக்கிறேன், அங்க "நோடெரெஃப்", அதாவது இந்த பாயிண்டரை நேரா படிக்காதேங்குது. ரெண்டுக்கும் ஃபோர்ஸ் (இந்த காஸ்ட்டை கண்டுக்காதேன்னு ஸ்பார்ஸுக்கு சொல்ற குறி) போட்டு காஸ்ட் பண்ணிட்டா வாயை மூடிக்குமா?

பதில் 1:
மூடிக்கும், பக்கும் உள்ளயே இருக்கும் 🙂 முதல் வார்னிங்ல தப்பு டைப்ல மட்டும்தான், காஸ்ட்ல யூசர் குறி சேருங்க, முடிஞ்சுது. ரெண்டாவது நெஜமான பக். யூசர் குடுத்த அட்ரஸை கெர்னல் நேரா தொடக்கூடாது, எக்ஸ்86ல ஸ்மாப் (கெர்னல் யூசர் மெமரியை நேரா தொடறதை தடுக்கற சிபியு வசதி) இருந்தா அங்கயே ஊப்ஸ்ங்கற கெர்னல் எரர் வரும், இல்லாத மெஷின்ல கமுக்கமா ஓடும், ஆனா எவனாவது கெர்னல் அட்ரஸையே உள்ள அனுப்பினா அதையும் படிச்சுக் குடுத்துடும். "ஓடுது"ங்கறதை நம்பாதீங்க. அப்புறம் சி=1 திரும்ப கம்பைல் ஆகுற ஃபைலை மட்டும்தான் பாக்கும், எல்லாத்தையும் பாக்க சி=2.

பதில் 2:
ஸ்பார்ஸோட நிறுத்தாதீங்க, ஸ்மாட்ச்னு இதே மாதிரி இன்னொரு டூல், அதையும் ஓட்டுங்க. ஸ்பின்லாக்கை (புடிச்சிருக்கற வரைக்கும் தூங்கக்கூடாத லாக்) புடிச்சுக்கிட்டே ஒரு ஃபங்ஷனை கூப்பிடுவோம், அது இன்னொண்ணை கூப்பிடும், அதுக்குள்ள ஜிஎஃப்பி கெர்னல் ஃபிளாக் போட்டு மெமரி கேக்கற கேமாலாக் இருக்கும், அது தூங்கப் போகலாம், லாக்கோட தூங்குனா கதை கந்தல். ஒரு ஃபைலை மட்டும் பாத்தா இது தெரியவே தெரியாது. ஸ்மாட்ச் யார் யாரை கூப்பிடுறாங்கன்னு ஒரு டேட்டாபேஸ் கட்டி வச்சுக்கிட்டு புடிக்குது, முழு கெர்னலுக்கும் அதை கட்ட ரொம்ப நேரம் ஆகும், அதுவும் திரும்பத் திரும்ப கட்டினாத்தான் கூப்பிடுற சங்கிலி நீளமா தெரியும்.

பதில் 3:
ஸ்மாட்ச் நல்லதுதான், ஆனா "அன்இனிஷியலைஸ்டு சிம்பல்"னு (மதிப்பு வைக்காத வேரியபிள்னு) சொல்றதுல பாதி வெட்டிக் கூச்சல்னுதான் நான் சொல்வேன். அதை அடக்கறதுக்காக ரெட்ங்கற ரிட்டர்ன் வேரியபிளை சும்மா 0ன்னு ஆரம்பிச்சு வைக்காதீங்க ப்ளீஸ், எரர் கோடு செட் பண்ண மறந்த பாதையில ஃபங்ஷன் சக்சஸ்னு திரும்பிடும், அப்புறம் இந்த வார்னிங்கும் வராது. டூல் சொல்ற பாதையில நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்க. லாக் ஆர்டர் சந்தேகம்லாம் லாக்டெப் (ஓடும்போதே லாக் வரிசையை கவனிக்கற கெர்னல் வசதி) ஆன் பண்ணி ஓட்டினாத்தான் தெளியும்.

கேட்டவர்:
காப்பி ஃப்ரம் யூசருக்கு மாத்திட்டேன், ஸ்பார்ஸ் இப்ப கப்சிப். ஆனா முதல்ல சைஸை மட்டும் காப்பி பண்ணி செக் பண்றேன், அப்புறம் முழு ஸ்ட்ரக்டையும் காப்பி பண்றேன், இது ஓகேவா?

பதில் 1:
ஓகே இல்ல. ரெண்டு காப்பிக்கு நடுவுல யூசர் பக்கம் இன்னொரு த்ரெட் சைஸை மாத்திடலாம். டபுள் ஃபெட்ச்னு தேடுங்க, காக்சினெல்ங்கற கோடு தேடுற டூல்ல இதுக்குன்னே ஸ்கிரிப்ட் இருக்கு. ஒரே தடவை காப்பி பண்ணி அந்த காப்பியையே செக் பண்ணுங்க.