ஸ்டுடியோ கருவிகளை எப்போதும் ஆன்லேயே விடலாமா? இடது மானிட்டர் ஸ்பீக்கர் கரகரக்கிறது, உதவுங்கள்

மொட்டைமாடி:
வணக்கம். தாம்பரத்தில் மாடி அறை ஒன்றில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், பழைய அனலாக் சின்த் (சின்தசைசர்), கம்ப்யூட்டர். பகலில் வேறு வேலை. இரவு பத்துக்கு மேல்தான் பாட்டு.

சில மாதமாக இடது மானிட்டர் மட்டும் ஆன் செய்தவுடன் கரகரக்கும். பத்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். பெரிய ஸ்டுடியோவில் உதவியாளராக இருந்த நண்பனிடம் சொன்னேன். "அங்கே எதையுமே அணைக்க மாட்டோம்டா, ஆன் ஆஃப் செய்வதுதான் கெடுதல்" என்றான். சரி என்று எல்லாவற்றையும் இரவு பகலாக ஓடவிட்டேன். கரகரப்பு போயே போனது.

ஆனால் போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தபோது ஸ்பீக்கர் இரண்டும் 'டொப்' என்று அடித்ததில் கீழே தூங்கிக்கொண்டிருந்த அம்மா பதறி மாடிக்கு ஓடி வந்துவிட்டார். அதிலிருந்து கரகரப்பு திரும்ப வந்துவிட்டது. இப்போது இருபது நிமிடம் ஆனாலும் போகவில்லை. ஈபி பில் வேறு எகிறிவிட்டது. ஆன்லேயே விடுவதா, அணைப்பதா?

சாலிடர்வாசம்:
அதற்கு முன் ஒரு சோதனை. ஸ்பீக்கருக்கு வரும் கேபிள்களை இடம் வலம் மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு வலது பக்கம் போனால் கேபிளிலோ இன்டர்ஃபேஸிலோ கோளாறு. இடதிலேயே நின்றால் அந்தக் கேபிளையும் உருவிவிட்டுக் கேளுங்கள்.

மொட்டைமாடி:
மாற்றினேன், இடதிலேயே நிற்கிறது. கேபிளே இல்லாமலும் கரகரக்கிறது. வாங்கி ஏழு வருடம் ஆகிறது.

சாலிடர்வாசம்:
அப்படியென்றால் பெட்டிக்குள்தான். சூடானால் சரியாகும் கரகரப்பு என்றால் என் முதல் சந்தேகம் பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்மேல்தான், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உதிரி. உள்ளே இருக்கும் திரவம் வற்ற வற்ற அது பலவீனமாகும். குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசமாக நடந்துகொள்ளும், சூடேறினால் சமாளித்துவிடும். நீங்கள் ஆன்லேயே விட்டதால் கோளாறு தெரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே வற்றுவது நிற்கவில்லை. 10 டிகிரி சூடு கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பொதுக்கணக்கு. மாடி அறை, ஏசி இல்லை, ஆளும் இல்லை, ஆனால் 24 மணி நேரமும் ஓடுகிறது. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

யூடியூப் பார்த்து நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பழையமிக்ஸர்:
தம்பி, உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. கோடம்பாக்கத்தில் எட்டு வருடம் இருந்தேன், நாங்களும் கன்சோலை அணைத்ததில்லை. ஆனால் அது சுவர் நீளத்துக்கு இருக்கும் அனலாக் கன்சோல், எல்லா ஒலியையும் கலக்கும் மேசை. உள்ளே ஆயிரக்கணக்கில் உதிரிகள். அணைத்துப் போட்டால் சூடேறி ஒரு நிலைக்கு வரவே வெகுநேரமாகும். ஒவ்வொரு தடவையும் சூடாகிக் குளிர்ந்தால் ஏதாவது ஒரு சேனல் மக்கர் பண்ணும். பாடகர் வந்து நிற்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதற்காகவே இரவெல்லாம் ஏசி ஓடும், காவலுக்கு ஆளும் இருப்பார். இரண்டு சேனல் இன்டர்ஃபேஸுக்கு இந்த ராஜ உபசாரம் எதற்கு?

அந்த 'டொப்'தான் எனக்குக் கவலை. கரண்ட் வந்ததும் எல்லாமே ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். இன்டர்ஃபேஸ் எழும்போது வரும் அதிர்ச்சியை, ஏற்கெனவே விழித்துவிட்ட ஸ்பீக்கர் பெரிதாக்கிக் கொடுக்கும். ஸ்பீக்கரில் கீச்சு ஒலியைத் தரும் சின்ன ட்வீட்டருக்கு அது நல்லதில்லை. ஆன் செய்யும்போது மானிட்டர் கடைசி, அணைக்கும்போது மானிட்டர் முதல். மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரத்தை, அதாவது ஃபேன்டமை, போடும்போதும் எடுக்கும்போதும் மானிட்டர் வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

யூனிட்கணக்கு:
பில் விஷயம் நான் சொல்கிறேன். மானிட்டர் இரண்டு, இன்டர்ஃபேஸ், சின்த் எல்லாம் சேர்ந்து சும்மா இருக்கும்போது 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.44 யூனிட். நமக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. 60 நாளில் சுமார் 86 யூனிட். கம்ப்யூட்டரையும் ஓடவிட்டால் இன்னொரு அவ்வளவு. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியிருந்தால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட் படிகளுக்கும் (ஸ்லாபுகளுக்கும்) விலை மாறிவிடும். அம்மாவிடம் அட்டையை வாங்கிப் பாருங்கள்.

மொட்டைமாடி:
பார்த்தேன். 540. அம்மா ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார், நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. சின்த் ஆன் செய்த கொஞ்ச நேரம் சுருதி நிற்காது, ஏறிக்கொண்டே போகும். அதை மட்டுமாவது ஆன்லேயே விடலாமா?

பழையமிக்ஸர்:
வேண்டாம். சின்தில் ஒலியை உண்டாக்கும் அனலாக் ஆசிலேட்டர் சூடேற அரை மணி நேரம் போதும். ராத்திரி சாப்பிட உட்காரும் முன் அதை மட்டும் ஆன் செய்துவிட்டு இறங்குங்கள். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் சுருதி நின்றிருக்கும்.

சாலிடர்வாசம்:
ஐப்பசி வருகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். மின்னல் பக்கத்தில் விழுந்தால் ஸ்பைக் பஸ்டர் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். நெட் கேபிளையும் மறக்க வேண்டாம், அந்த வழியாகவும் ஏறும். கண்டென்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விடாமல் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் போட்டு வையுங்கள். ஈரக்காற்று பட்டால் அதுவும் கரகரக்கும், அப்புறம் அதற்கு ஒரு இழை போடுவீர்கள்.

மொட்டைமாடி:
மெக்கானிக் திறந்தார். பவர் சப்ளையில் இரண்டு கெபாசிட்டர் தலை உப்பி, ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. வலது மானிட்டரும் அதே வயதுதானே என்று அதிலும் மாற்றச் சொல்லிவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்து 900 ரூபாய்.

நேற்று ராத்திரி கடைசியாக மானிட்டரை ஆன் செய்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஓடவே இல்லையோ என்று பயந்து வால்யூமைத் திருகிவிட்டு ஒரு நோட் வாசித்தேன். அம்மா மறுபடி மாடிக்கு வந்துவிட்டார்.