புதுப்பிப்பு: ஒரே டேக், வேறு வேறு ஒரிஜ் டார்பால் – தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. ஒரே கிட் டேகிலிருந்து (நிரலின் ஒரு பதிப்புக்குக் கிட்டில் வைக்கும் பெயர்) டெபியன் லினக்ஸுக்கான பேக்கேஜ் கட்டினாலும், என் கணினியிலும் பில்ட் சர்வரிலும் வரும் ஒரிஜ் டார்பால்களின் (மூல நிரல் கோப்புகளை டார் எனும் ஒரே கட்டாக்கிச் சுருக்கியது) செக்சம், அதாவது கோப்பு மாறியதா என்று காட்டும் எண், ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தேன்.

பிரிஸ்டின்-டார் (அதே டார்பாலைக் கிட்டிலிருந்து மறுபடி உருவாக்கும் கருவி) பயன்படுத்தச் சொன்னவரின் வழிதான் பலித்தது. முதலில் வெளியிட்ட டார்பாலை 'பிரிஸ்டின்-டார் கமிட்' செய்ததும் ஒரு சின்ன டெல்டா (வித்தியாசத்தை மட்டும் வைக்கும் கோப்பு) கிட்டில் தனிக் கிளையில் சேர்ந்தது. அப்புறம் ஜிபிபி (கிட்டிலிருந்து டெபியன் பேக்கேஜ் கட்டும் கருவி) கான்ஃபிக் கோப்பில் பிரிஸ்டின்-டாரை ட்ரூ ஆக்கினேன். இப்போது இரண்டு இடத்திலும் பைட் மாறாமல் அதே கோப்பு. அந்தக் கிளையையும் புஷ் செய்துவிடுங்கள், டெல்டா அதில்தான் இருக்கிறது.

எதிர்பாராத விஷயம் ஒன்று. இரண்டையும் விரித்து ஒப்பிட்டால் உள்ளே இருந்த டார் அப்படியே ஒன்றுதான். சுருக்கிய விதம்தான் வேறு. கிட் 2.38 முதல் டார்பால் உருவாக்கும் 'கிட் ஆர்க்கைவ்' கட்டளை, வெளியே உள்ள ஜிசிப் என்ற சுருக்கும் நிரலைக் கூப்பிடாமல் தானே சுருக்குகிறது. என்னிடம் புதிய கிட், சர்வரில் பழையது.