மின்தடைக்குப் பின் ‘ஆஃப்லைன்’ ஆகும் நெட்வொர்க் பிரிண்டர்

கேள்வி (மன்னார்குடி):
எங்கள் அரிசி ஆலை அலுவலகத்தின் விண்டோஸ் கணினிகள் அனைத்திற்கும் ஒரே நெட்வொர்க் பிரிண்டர்தான். மின்சாரம் போய் வந்தால் பெரும்பாலும் அது ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. நீக்கிவிட்டு மீண்டும் சேர்த்தால், அடுத்த மின்தடை வரை இயங்குகிறது. சம்பா அறுவடை நேரத்தில் லாரிகள் ரசீதுக்காகக் காத்து நிற்கின்றன. நிலையான தீர்வு உண்டா?

மறுமொழி (தஞ்சாவூர்):
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பழுது பிரிண்டரில் இல்லை, முகவரியில் இருக்கிறது என்றே கருதுகிறேன். மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறொரு ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் குறிக்கும் எண்) வழங்கிவிட, கணினிகளோ பழைய முகவரிக்கே அச்சு வேலைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டு, அதிலுள்ள மேக் முகவரியை, அதாவது அந்த பிரிண்டருக்கே உரிய மாறாத அடையாள எண்ணைக் கொண்டு ரவுட்டரில் நிரந்தர முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். பிறகு ஒவ்வொரு கணினியிலும், விண்டோஸ் தானாக அமைத்துக்கொள்ளும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை (போர்ட் என்பது அச்சு வேலை பிரிண்டருக்குச் செல்லும் வழி) விடுத்து, அந்த முகவரிக்கே நேராக அனுப்பும் டிசிபி/ஐபி போர்ட் அமையுங்கள்.

மறுமொழி (திருவாரூர்):
அதன் பிறகும் ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், அந்தப் போர்ட்டின் அமைப்பில் எஸ்என்எம்பி நிலைச் சோதனையை (பிரிண்டரின் நிலையைக் கணினி கேட்டறியும் முறை) நீக்கிப் பாருங்கள். ரவுட்டரை யுபிஎஸ்ஸில் இணைப்பது நல்லது. லேசர் பிரிண்டரை மட்டும் சிறிய யுபிஎஸ்ஸில் இணைக்க வேண்டாம், அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விவரப் பக்கத்தை அச்சிட்டுப் பார்த்தேன்; முகவரி மாறித்தான் இருக்கிறது. ஆனால் ரவுட்டரின் கடவுச்சொல் இணையச் சேவை நிறுவனத்திடம் உள்ளது.

மறுமொழி (தஞ்சாவூர்):
அப்படியானால் பிரிண்டரின் திரையிலேயே முகவரியை நேரடியாக அமைக்கலாம். ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகளின் வரம்பை அந்நிறுவனத்திடம் கேட்டு, அதற்கு வெளியே உள்ள எண் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் அதே முகவரி வேறொரு கணினிக்கும் போய்ச் சேரக்கூடும்.