உதவி: சுவிஸ் ஓட்டோமற்றிக் மணிக்கூடு ஒரு நாளைக்கு 14 நிமிசம் முந்தி ஓடுது

புதுக்குடியிருப்பு ஒலிக்காரன்:

வணக்கம் உறவுகளே. முதல் தரம் எழுதுறன், பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

சித்திரை லீவுக்கு சுவிஸில இருந்து வந்த அத்தான் எனக்கு ஒரு மணிக்கூடு தந்தவர். பற்றரி இல்லை, கை ஆட்டத்தில தானே முறுக்கேறி ஓடுற ஓட்டோமற்றிக். டயல் மயில்கழுத்து நிறம். வெயிலில பச்சையாத் தெரியும், வீட்டுக்குள்ள நீலம். பின்பக்கம் கண்ணாடி, அதுக்குள்ள அரைவட்டத் தகடு ஒண்டு கை ஆட ஆடச் சுத்தும். என்ர சின்னவளுக்கு அதுதான் இப்ப விளையாட்டு. பிராண்ட் பேர் எழுதேல்லை. அத்தான் இதை வாசிச்சா "தந்த சாமானுக்குக் குறை சொல்லுறான்" எண்டு நினைப்பார்.

வந்த புதுசில போனோட ஒப்பிட்டா நாளைக்கு அஞ்சு ஆறு செக்கன்தான் வித்தியாசம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிஞ்ச கிழமையில இருந்து பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடுது. நாளைக்கு 14 நிமிசம் முந்தி!

ரவுண்ல ஒரு கடையில குடுத்தன். பின்மூடியைத் திறந்து சின்னக் குறட்டால எதையோ தட்டினார். "சுவிஸ் சாமானுக்கு எங்கட வெக்கை ஒத்துவராது தம்பி" எண்டு சொல்லிக் காசை வாங்கினார். இப்ப 9 நிமிசம் முந்துது. வேற ரெண்டு சந்தேகமும் இருக்கு. ரெண்டு நாள் கட்டாம வைச்சா நிண்டுபோகுது. காதில வைச்சு ஆட்டினா உள்ளுக்கு ஏதோ உருளுற சத்தம். இது பழுதோ, இல்லாட்டி என்னை ஏமாத்திப்போட்டாங்களோ?

வயல்வெளி:

பின்பக்கம் கண்ணாடி, கலர் டயல், அதுவும் ஓசியில வந்தது! தம்பி, டூப்பிளிக்கேற்றாத்தான் இருக்கும். உண்மையான சுவிஸ் மணிக்கூட்டில பின்பக்கம் முழு உருக்கு.

பனிமலை:

வயல்வெளி அண்ணை, நீங்கள் சொல்லுறது ரோலக்ஸை மனசில வைச்சு. 2020 இல ஒயிஸ்ரர் பெர்பெச்சுவலை அவை நீலப்பச்சை, மஞ்சள், பவளச்சிவப்பு, பச்சை, ரோசா எண்டு விட்டவை, பின்பக்கம் எல்லாம் மூடிதான். ஆனா ரிசோ பி.ஆர்.எக்ஸ். பவர்மற்றிக், சிற்றிசன் சுயோசா, சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் எல்லாம் கண்ணாடி வைச்சுத்தான் வருது. கண்ணாடியை வைச்சு அசலோ போலியோ எண்டு சொல்ல ஏலாது. நான் இஞ்ச பேர்ணில இருக்கிறன், பஸ்ஸில பத்துப் பேரைப் பாத்தா ரெண்டு பேரின்ர கையில நிற டயல்.

ஒலிக்காரன், சுத்துற தகட்டில என்ன எழுதியிருக்கு எண்டு பாத்துச் சொல்லுங்கோ. அதுக்குப் பேர் ரோட்டர்.

புதுக்குடியிருப்பு ஒலிக்காரன்:

கம்பனிப் பேரும் "26 ஜுவல்ஸ்", "ஸ்விஸ் மேட்" எண்டும் கிடக்கு. செக்கன் முள்ளு துடிச்சுத் துடிச்சுப் போகேல்லை, வழுக்கிக்கொண்டு போகுது.

பனிமலை:

அப்ப உள்ளுக்கு இருக்கிறது செலிட்டா கம்பனியின்ர எஸ்.டபிள்யூ.200 எண்ட எஞ்சினா இருக்கச் சந்தர்ப்பம் கூட. மணித்தியாலத்துக்கு 28,800 தரம் துடிக்கும் (அடிக்கும்), அதாவது செக்கனுக்கு 8 அடி. அதுதான் வழுக்கிற மாதிரித் தெரியுது. அந்த எஞ்சின் முழுசா ஏறியிருந்தாலும் கழட்டி வைச்சு 40 மணித்தியாலம் அளவிலதான் ஓடும். சீக்கோவின்ர 4ஆர்36 எஞ்சினும் 41 தான். பவர்மற்றிக் 80 எண்டா பேரிலயே இருக்கிற மாதிரி 80. ஆகவே ரெண்டு நாள் கட்டாட்டி நிக்கிறது பழுது இல்லை. திருப்பிக் கட்டேக்க குமிழை வெளிய இழுக்காம முன்பக்கமா 25, 30 சுத்து சுத்திப்போட்டு நேரத்தை வையுங்கோ. கூடச் சுத்தினா அறும் எண்டு பயப்பிட வேண்டாம், ஓட்டோமற்றிக்கில ஸ்பிரிங் நிரம்பினாப் பிறகு வழுக்கி விடும்.

ஒண்டு மட்டும் கவனம்: இரவு 9 மணிக்கும் விடிய 3 மணிக்கும் இடையில முள்ளு நிக்கேக்க திகதியை மாத்தாதேங்கோ. திகதிப் பல்லுகள் அந்த நேரம் கொழுவிக்கொண்டு நிக்கும்.

மாங்குளம் சந்தி:

எனக்கும் ஓட்டோமற்றிக் இருக்கு, லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஓட்டேக்க கட்டக்கூடாது எண்டு அண்ணன் சொன்னவர். நீங்கள் ஏதும் அதிர்வான வேலை செய்யிறனீங்களோ? புல்லு வெட்டுற மெசின்?

புதுக்குடியிருப்பு ஒலிக்காரன்:

இல்லை அண்ணை. என்ர தொழில் சவுண்ட்ஸ். கோயில், கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி. பொங்கலுக்கு வற்றாப்பளை வழியில மூண்டு தண்ணீர்ப்பந்தலுக்கு நான்தான் கட்டினனான். ஆனா சாமான் தூக்கேக்க மணிக்கூட்டைக் கட்டிறதே இல்லை, கீறல் விழும் எண்டு கவனமாக் கழட்டி வைச்சிடுவன்.

வவுனியா மணிக்கூட்டுக்காரர்:

தம்பி, உம்மட பெயரைப் பாத்த உடன எனக்கு ஒரு எண்ணம். கழட்டி எங்க வைக்கிறனீர்?

புதுக்குடியிருப்பு ஒலிக்காரன்:

கண்ணுக்கு முன்னால இருக்கட்டும் எண்டு பேஸ் பொக்ஸுக்கு மேல. 18 இஞ்சி. இரவில பந்தலில படுத்தாலும் அதுக்கு மேலதான் வைச்சுப் படுத்தனான் ஐயா.

வவுனியா மணிக்கூட்டுக்காரர்:

அம்மாளாச்சி! உமக்கு வேற மேசை கிடைக்கேல்லையோ?

பழுது ஒண்டும் இல்லை, காந்தம் ஏறியிருக்கு. அந்த ஸ்பீக்கருக்குப் பின்னால இருக்கிற வட்டக் காந்தத்தைக் கையில பிடிச்சுப் பாத்திருப்பீர், எவ்வளவு பாரம். மணிக்கூட்டுக்குள்ள பலன்ஸ் வீல் எண்டு ஒரு சில்லு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும். அதை ஆட்டுறது தலைமயிர் தடிப்பில சுருண்டு கிடக்கிற ஹெயார் ஸ்பிரிங். காந்தம் ஏறினா அந்தச் சுருளின்ர வளையங்கள் ஒண்டில ஒண்டு ஒட்டும். ஒட்டினா ஸ்பிரிங்கின்ர நீளம் குறைஞ்ச மாதிரி. ஊஞ்சல் கயிறைக் கட்டையாக்கினா வேகமா ஆடும் அல்லோ, அதே கதைதான். பனிமலைத் தம்பி சொன்ன மாதிரி செக்கனுக்கு 8 அடி எண்டா, நாளைக்கு 14 நிமிசம் முந்துறது 6,720 அடி கூட அடிக்கிறது. எண்ணெய் காஞ்ச மணிக்கூடு வழமையா இப்பிடிச் சடுதியா இவ்வளவு முந்தாது. போன கிழமை ஒழுங்கா ஓடி இந்தக் கிழமை நிமிசக் கணக்கில முந்தினா நான் முதல் பாக்கிறது காந்தத்தைத்தான்.

30 வருசமா இந்தக் குறட்டோட இருக்கிறன். முந்தி ரேடியோவுக்கு மேல வைச்சுக்கொண்டு வருவினம். இப்ப ரப்லெட் உறை, காந்தப் பூட்டுப் போட்ட கைப்பை, போன் ஸ்பீக்கர். சவுண்ட்ஸ் பொக்ஸுக்கு மேல வைச்சது நீர்தான் முதல் ஆள்.

உருளுற சத்தம் ரோட்டரின்ர போல் பெயரிங். மெதுவாச் சரசரத்தா நல்லது. உலோகம் உராயிற மாதிரிக் கிறீச்சிட்டாலோ, கண்ணாடிக்குள்ள மினுங்குற தூள் கண்டாலோ மட்டும் ரோட்டர் ஆணி கழண்டிருக்கு எண்டு அர்த்தம்.

மல்லாவி வாத்தியார்:

திசைகாட்டி ஒன்றைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். மணிக்கூட்டைச் சுற்றிக் கொண்டுபோகையில் முள்ளு அதன் பின்னாலேயே இழுபட்டால் காந்தம் இருக்கிறது. போனில் உள்ள திசைகாட்டியும் உதவும். ஆனால் உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், உறைக்குள்ளும் காந்தம் இருக்கலாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாரணர் பிள்ளைகளிடம் கேட்டால் உண்மையான திசைகாட்டி கிடைக்கும்.

மணிக்கூட்டுப் பேச்சு எடுத்தபடியால் ஒரு பழைய கதை. போர்க்காலத்தில், பொருட்களுக்குத் தடை இருந்த நாட்களில் வன்னிக்குள் பற்றரி வராது. பற்றரியில் ஓடும் குவாட்ஸ் மணிக்கூடு கட்டினவர்களின் நேரம் ஒருநாள் அப்படியே நின்றுபோகும். ரேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றினோம். என் கையில் ஐயாவின் சீக்கோ 5. கையை ஆட்டிக்கொண்டே பாடம் நடத்தினால் போதும், அது ஓடும். 1996 இல் அரசாங்கம் நாட்டு நேரத்தை முன்னுக்கு மாற்றியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் பழைய நேரமே இருந்தது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு அரசாங்கப் பக்கம் போக ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் முள்ளை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், திரும்பி வரும்போது பின்னுக்கு. 2006 ஏப்ரலில் அரசாங்கம் தன் நேரத்தைப் பின்னுக்கு எடுத்த பிறகுதான் என் சீக்கோவின் குமிழுக்கு ஓய்வு. தம்பியின் 14 நிமிசம் எல்லாம் எங்களுக்கு ஒரு கணக்கா?

வயல்வெளி:

வாத்தியார், உங்கட வகுப்பில இருந்த எனக்குத் தெரியும், நீங்கள் கை ஆட்டினது பிரம்போட.

புதுக்குடியிருப்பு ஒலிக்காரன்:

சிரிச்சு முடியேல்லை. பாத்தன். திசைகாட்டி முள்ளு மணிக்கூட்டைக் கண்டதும் கோயில் யானை மாதிரிப் பின்னால வருது! காந்தம்தான். இப்ப என்ன செய்யிறது?

வவுனியா மணிக்கூட்டுக்காரர்:

காந்தம் எடுக்கிற பெட்டி ஒண்டு இருக்கு, கரண்டில வேலை செய்யிறது. இணையத்தில சின்ன நீலப் பெட்டியா விக்கினம், பெரிய விலை இல்லை. உம்மைப் போல ஆள் ஒண்டு வாங்கி வைக்கிறதுதான் நல்லம், திரும்பவும் வரத்தான் போகுது.

பாவிக்கிற முறையைக் கவனமா வாசியும். மணிக்கூட்டைப் பெட்டிக்கு மேல பிடிச்சு பொத்தானை அமத்தும். அமத்தினபடியே மணிக்கூட்டை ஆறுதலா மேல தூக்கி ஒரு முழத்துக்கு அங்கால கொண்டுபோம். அதுக்குப் பிறகுதான் பொத்தானை விடவேணும். கிட்ட வைச்சு விட்டீரோ, எடுக்கிறதுக்குப் பதிலா ஏத்திப்போடுவீர். கன நேரம் அமத்தினா பெட்டி கொதிக்கும். அஞ்சு செக்கன் காணும், வேணுமெண்டா ஆறவிட்டு இன்னொருக்கா.

பனிமலை:

இப்ப வாற சில மணிக்கூடுகளில ஸ்பிரிங்கைச் சிலிக்கனில செய்யினம், அதில காந்தம் ஏறாது. ஒமேகா 2013 இல 15,000 கவுஸ் (காந்தப் பலத்தை அளக்கிற அலகு) தாங்கிற எஞ்சின் காட்டினவை. ரோலக்ஸ் 1956 இலயே மில்கவுஸ் எண்டு 1,000 கவுஸ் தாங்கிறது விட்டவை, ஆய்வுகூடக்காரருக்கு. சாதாரண மணிக்கூட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 764 எண்ட சர்வதேசத் தரம் கேக்கிறது 60 கவுஸ் அளவுதான். அடுத்த தரம் அத்தானிட்டச் சொல்லி வையுங்கோ, ஒலிக்காரருக்கு ஏத்தது வேணும் எண்டு.

புதுக்குடியிருப்பு ஒலிக்காரன்:

பெட்டி வந்திட்டுது. ஐயா சொன்னதை வாசிச்சுப்போட்டும் அந்தரத்தில பொத்தானை முந்தி விட்டிட்டன். அடுத்த நாள் பாத்தா 18 நிமிசம் முந்துது. எனக்கு நெஞ்சு அடைச்சது. பிறகு மனிசி பக்கத்தில நிண்டு "அமத்து, தூக்கு, தூக்கு, இப்ப விடு" எண்டு சொல்லச் சொல்லச் செய்தன். திசைகாட்டி இப்ப அசையேல்லை.

ஆனா புதுப் பிரச்சினை. இப்ப நாளைக்கு 5 நிமிசம் பிந்துது!

வவுனியா மணிக்கூட்டுக்காரர்:

எதிர்பாத்தனான். காந்தம் இருந்த நேரம் அந்தக் கடையில ரெகுலேற்றரை, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்பை, பிந்துற பக்கம் தள்ளினவை, 14 இல இருந்து 9 ஆக்கினது அந்த 5 தான். காந்தம் போனதும் அது அப்பிடியே வெளிய வந்திட்டுது. வருத்தத்துக்கு மருந்து குடுக்காமக் காய்ச்சலளவியைத் திருத்தின வேலை. நீர் திறந்து தொடாதேயும், ஹெயார் ஸ்பிரிங்கில குறடு பட்டா பெட்டியாலயும் திருத்தேலாது.

வவுனியாப் பக்கம் வந்தா கொண்டுவாரும். ஓட்டத்தை அளக்கிற ரைமிங் மெசினில வைச்சு டயல் மேல, டயல் கீழ, குமிழ் கீழ எண்டு மூண்டு நிலையில பாத்துச் சரி செய்யலாம். பின்மூடி ரப்பர் வளையத்தையும் பாக்கவேணும். ஒருக்காத் திறந்த மணிக்கூட்டோட குளத்துக்குள்ள இறங்காதேயும், டயலில எத்தினை மீற்றர் எண்டு எழுதியிருந்தாலும்.

மாங்குளம் சந்தி:

ஐயா, கேக்கிறதுக்கு மன்னிக்கவேணும், முந்துறதும் பிந்துறதும் எவ்வளவு எண்டா சரி எண்டு எடுக்கலாம்?

வவுனியா மணிக்கூட்டுக்காரர்:

நேரத் துல்லியத்துக்குக் குடுக்கிற சுவிஸ் குரோனோமீற்றர்ச் சான்றிதழ் எண்டா சராசரி நாளைக்கு 4 செக்கன் பிந்துறதுக்கும் 6 செக்கன் முந்துறதுக்கும் இடையில. சான்றிதழ் இல்லாத நல்ல எஞ்சினுக்குப் 15 செக்கனுக்குள்ள நிண்டா நான் கை வைக்கமாட்டன். சீக்கோ 4ஆர்36 இற்குக் கம்பனியே 45 செக்கன் முந்தலாம், 35 பிந்தலாம் எண்டு போட்டிருக்கு. ஓட்டோமற்றிக் வாங்கிப்போட்டு போனோட செக்கன் பிடிக்கிற ஆக்களுக்கு நான் குவாட்ஸ் வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறன்.

புதுக்குடியிருப்பு ஒலிக்காரன்:

வவுனியாவுக்குப் போனன். ஐயா அரை மணித்தியாலத்தில முடிச்சார், தேத்தண்ணியும் தந்தார், காசு வாங்கமாட்டன் எண்டு நிண்டு பிறகு ரப்பர் வளையத்துக்கு மட்டும் வாங்கினார். இண்டைக்கு ஆறாம் நாள், எல்லாமாச் சேத்து 31 செக்கன் முந்தியிருக்கு. வேலைக்குப் போகேக்க இப்ப மணிக்கூடு வீட்டில ஆணியில தொங்குது. சின்னவள் கதிரையில ஏறி நிண்டு பின்பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

பெட்டி என்னட்டச் சும்மா கிடக்கு. முல்லைத்தீவு, விசுவமடு, தருமபுரம் பக்கம் ஆருக்கும் காந்தம் ஏறியிருந்தாக் கொண்டுவாங்கோ, எடுத்துத்தாறன்.

வயல்வெளி:

என்ர மனிசியின்ர மணிக்கூடும் கொஞ்ச நாளா முந்துது. அவ அதைக் கழட்டி வைக்கிறது ரீ.வி. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில. சனிக்கிழமை வரட்டோ?

புதுக்குடியிருப்பு ஒலிக்காரன்:

வாங்கோ அண்ணை. சனி பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. காலமை கலியாண வீடு ஒண்டுக்குப் பொக்ஸ் ஏத்தவேணும்.