மறு: மின்வாகன வழியும் சார்ஜும் - ஒரே சொல் வேண்டும்

வணக்கம் அண்ணாச்சி, நண்பர்களே.

சரக்கு மின்வாகனம் எந்த வழியில் போவது, எங்கே எவ்வளவு சார்ஜ் போடுவது என்பதைச் சேர்த்துத் திட்டமிடுவதற்கு நம் கையேட்டில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பதுதான் பேச்சு. 'வழித்தடத் திட்டம்', 'மின்னூட்ட அட்டவணை' என்று இரண்டு தனிச்சொற்களே போதும் என்று அண்ணாச்சி எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. வழியை முதலில் முடிவு செய்துவிட்டு, சார்ஜ் எங்கே போடுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அந்தப் பிரிப்பே உண்டாக்கிவிடும்.

1959இல் டான்சிக், ராம்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வாகன வழிக் கணக்கை, அதாவது எந்த வண்டி எந்த வழியில் போனால் மொத்தத் தூரம் குறையும் என்ற கணக்கை, எழுதியபோது எடுத்துக்கொண்டது பங்க்குகளுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் லாரிகளை. அந்த லாரி தனக்கு எரிபொருள் போட எங்கே நிற்கும் என்பது கணக்கிலேயே வரவில்லை. சில நிமிட வேலைதானே. மின்வாகனத்தில் அப்படி விட முடியாது. வேக சார்ஜரில் போட்டாலும் பேட்டரி 80 விழுக்காட்டை நெருங்கும்போது ஏறும் வேகம் குறையத் தொடங்கிவிடும். ஆகவே எங்கே நிற்பது என்பதோடு, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு ஏற்றுவது என்பதும் முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

நம் குமரிப் பக்கத்துச் சாலைகளையே பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் வரும் வேனுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்று. திரும்பிப் போகையில் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான், பேட்டரி இறங்குவது வேறு. ரப்பர் தோட்டங்கள் உள்ள கீரிப்பாறை மலைப் பக்கம் இன்னும் சுவாரசியம். ரப்பர் ஷீட்டோடு மலையிறங்கும் வண்டியில், வேகத்தைத் தணிக்கும்போது மோட்டாரே மின்சாரம் தந்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். மேலேயே முழுசாக சார்ஜ் போட்டுவிட்டால் அதை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது. வழி தெரியாமல் சார்ஜ் அளவைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சொல்லுக்கு வருகிறேன். 'மின்னூட்டம்' வேண்டாம், பள்ளி இயற்பியலில் அது கூலூமில் அளக்கும் பண்பு. வெறும் 'ஏற்றம்' என்பதும் நமக்கு ஆகாது. சரக்கு ஏற்றிய வண்டி ஏற்றத்தில் ஏறுமுன் ஏற்ற வேண்டும் என்று கையேட்டில் எழுதினால் ஓட்டுநர் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

என் முன்மொழிவு: மின்னேற்று வழித்திட்டம். 'மின்னேற்று' என்பது வினையாகவும் நிற்கும், அடைமொழியாகவும் நிற்கும்: மின்னேற்று நிலையம், மின்னேற்று நேரம், மின்னேற்று வரிசை. இரவில் பணிமனையில் பத்து வண்டிக்கு மூன்று சார்ஜர்தான் என்றால் அந்த வரிசைக்கும் பெயர் வேண்டுமே. பேச்சில் எல்லாரும் 'சார்ஜ் போடு' என்றுதான் சொல்லப்போகிறார்கள். சொல்லட்டும், இது ஆவணத்துக்கும் பாடத்துக்கும்.

ஒரு நிறுவனத்தின் வண்டிகள் மொத்தத்துக்கும் 'வாகனத் தொகுப்பு' என்று வைத்திருக்கிறேன். 'தொகுதி' என்றால் தேர்தல் நினைவு, 'அணி' என்றால் கட்சி ஊர்வலம். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். 'மின்னேற்று வழித்திட்டம்' என்ற முதல் சொல்லை மட்டும் இந்த வாரம் முடித்துவிடலாம்.